சொட்டாத குழாய்

நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் திரையில் சமையலறை வந்தது. குழாய் சொட்டவில்லை.

பல் டாக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஊஹும்.

"சவுண்டைக் கூட்டுங்க!" என்றார் டாக்டர்.

கூட்டினார்கள். கடிகாரம் கேட்டது. எங்கோ ஒரு சைக்கிள் மணி கேட்டது. சொட்டு மட்டும் கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் டாக்டரின் கிளினிக்குக்கு விடுமுறை. நோயாளிகள் காத்திருக்கும் அறையில், மாதம் ஒரு தடவை, நாலு பேர் கூடிப் படம் பார்ப்பது இரண்டு வருட வழக்கம். எல்லாம் ஒரே டைரக்டர் படம். கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரர். தன் வீட்டை விட்டு வெளியே போகாமலேயே ஆறு படம் எடுத்தவர்.

ஆறிலும் அதே சமையலறை. அதே குழாய். அதே சொட்டு.

அந்தச் சொட்டு என்ன சொல்கிறது என்று டாக்டர் பன்னிரண்டு பக்கத்துக்குக் கட்டுரை எழுதி, ஒரு சிற்றிதழில் அச்சாகியும் விட்டது. இது ஏழாவது படம். புத்தம் புதுசு. இதில் போய்க் குழாய் கைவிரித்துவிட்டது.

டாக்டர், வக்கீலம்மா, கல்யாண போட்டோ எடுக்கும் ஓர் இளைஞன். நாலாவது ஆள் அந்த இளைஞனின் அக்கா புருஷன், ஒரு பிளம்பர்.

வாய் கொப்பளிக்கும் தொட்டியில் ஒழுகலை அடைக்க வந்தவர், அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்து ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். படம் முடிந்தது. ஆளுக்கு ஆள் காலம், தனிமை, மரணம் என்று பேசினார்கள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று டாக்டர் மரியாதைக்குக் கேட்டு வைத்தார்.

"வாஷர் போயிருக்கு சார்."

அன்று சிரித்த சிரிப்பில் அவருக்குப் பெயரே வாஷர் என்று ஆகிப்போனது.

அதற்கப்புறம் அவர் வாயைத் திறந்ததில்லை. கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. பேசாதவர் டீ போட வேண்டும். இரண்டு வருடமாக அவர் கை டீதான்.

இன்றைக்குத் தப்ப முடியாது. பேச்சை ஆரம்பித்து வைக்க வேண்டியவர் அவர்தான் என்று போன மாதமே வக்கீலம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இன்னிக்கும் சொதப்பினீங்க, ஆயுசுக்கும் டீதான் மாமா" என்று மச்சினன் வழியெல்லாம் ஓட்டிக்கொண்டே வந்தான்.

வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்த அறையில் உட்கார்ந்த இடத்தில் டீ வாங்கிக் குடிக்க வேண்டும் என்று பிளம்பருக்கு ஆசை. அதனால் டாக்டரின் கட்டுரையிலிருந்தே மூன்று வாக்கியத்தை உருப்போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மூன்றும் சொட்டைப் பற்றி.

அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

கேமரா மெல்லக் குழாயை விட்டு நகர்ந்து சுவருக்குப் போனது. பாதியாக மடித்துக் குத்தியிருந்த ஒரு தாள். அதில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் இன்னொரு சின்ன வட்டம். பென்சில் கோடு, கொஞ்சம் கோணல்.

படம் அங்கேயே நாலு நிமிடம் நின்றது.

பிளம்பர் இமைக்கவில்லை. வியர்வை எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது.

படம் முடிந்ததுதான் தாமதம், டாக்டர் எழுந்துவிட்டார். "சூன்யத்துக்குள்ள சூன்யம்! காலமே நின்னு போச்சு, அதான் சொட்டலை. மனுஷன் எங்கயோ போயிட்டாருங்க!" அவர் கண் கலங்கியிருந்தது.

அது கண், எல்லாவற்றையும் பார்த்த சாட்சி என்றார் வக்கீலம்மா. கேமரா லென்ஸ், இதுகூடத் தெரியவில்லையா என்றான் மச்சினன். பத்து நிமிடம் யாரும் யாரையும் பேச விடவில்லை. கடைசியில் வக்கீலம்மாதான் மேசையைத் தட்டினார்.

"முதல்ல பேச வேண்டியவரே இன்னும் பேசலை. சொல்லுங்க வாஷர்."

மூன்று தலையும் திரும்பின.

பிளம்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார். உருப்போட்ட மூன்று வாக்கியமும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயின.

"அது அரை இஞ்ச் வாஷர் சார்."

கிளினிக் அதிர்ந்தது. மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "மாமா, உங்களுக்கு நிலாவைக் காட்டினாலும் எத்தனை இஞ்ச்னுதான் கேப்பீங்க!"

"அதுவும் ஒரு பார்வைதான்" என்று டாக்டர் பெரிய மனது பண்ணி நோட்டில் குறித்துக்கொண்டார். பேசியது பேசியதுதான், சட்டம் சட்டம்தான் என்ற வக்கீலம்மா, இருப்பதில் சின்னவன் என்று மச்சினனை டீ போட அனுப்பினார்.

டீ வெந்நீர் மாதிரி இருந்தது. பிளம்பர் சாய்ந்து உட்கார்ந்து, சொட்டு விடாமல் குடித்தார்.

விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் டாக்டர் அடுத்த கட்டுரைக்குத் தலைப்பு யோசிக்க ஆரம்பித்திருந்தார். நல்ல மனிதர். கெடுப்பானேன்?

மடிந்து மறைந்த பாதியில் என்ன எழுதியிருக்கிறது என்பது பிளம்பருக்கு மனப்பாடம். 'ஐயா, படம் நல்லா இருக்கு. மெயின் வால்வை மூடிட்டு இதை மாத்துங்க.'

அந்தத் தேசத்துக்காரருக்கு இந்த எழுத்து புரியாதே என்றுதான் கீழே வரைந்து காட்டினார். டிஸ்க் பெட்டியின் முதுகில் இருந்த முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து உறைமேல் எழுதினார். அது ஆயிற்று, இரண்டு வருடம். பதில் வராது என்றே விட்டுவிட்டார்.

இன்றைக்கு வந்தது. நாலு நிமிடத்துக்கு.

உறைக்குள் வாஷர் இரண்டு வைத்திருந்தார். ஒன்று ஸ்பேர்.