சேராத கார்டு

"கார்டு சேராதுன்னு மட்டும் சொல்லிடுங்க பாய். போதும்."

இஷ்தியாக் அகமது கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவருக்குச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை. எதிரே நின்ற தானியேல், ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர், பழைய வாடிக்கையாளர்.

"இன்னாண்ணே இது? பொண்ணுக்கு கிராஃபிக்ஸ் கார்டு வேணும், எடுத்து வைங்கன்னு நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க?"

"சொன்னேன். இப்ப வேணாம். சாயந்தரம் ஷர்மிளாவைக் கூட்டிட்டு சிபியூவோட வர்றேன். அன்னைக்கு யாருக்கோ சொல்லிட்டிருந்தீங்களே, பவர் சப்ளை பத்தலன்னா கார்டு போடக் கூடாதுன்னு? அதையே எங்களுக்கும் சொல்லிடுங்க."

"வேணாம்னு நீங்களே அவகிட்ட சொல்லலாமே?"

"வாங்கித் தர்றேன்னு வாக்கு குடுத்துட்டேனே பாய்!"

இஷ்தியாக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தேய்த்த சட்டை. கழுத்தில் கம்பெனி அட்டை. கையில் டிபன் பை.

"வாக்கும் காப்பாத்தணும், கார்டும் வாங்கக் கூடாது. பொய் சொல்ல மட்டும் நான். நல்லா இருக்குண்ணே."

தானியேல் தலை குனிந்துகொண்டார்.

பேச்சை மாற்ற நினைத்து இஷ்தியாக் கிண்டலாகச் சொன்னார்: "ஆனா மாப்பிள்ளை கணக்கா வந்திருக்கீங்க. முன்னல்லாம் நீங்க உள்ள நுழைஞ்சா தோல் வாசனையில கஸ்டமர் எழுந்து ஓடுவான்!"

தானியேல் சிரிக்கவில்லை. "மறந்துடாதீங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்தரம் அப்பாவும் மகளும் வந்தார்கள். ஷர்மிளா சிபியூவை மேஜைமேல் வைத்தாள்.

"நல்ல கார்டா போடுங்க பாய்! திங்கட்கிழமைக்குள்ள இவ ஒரு டெஸ்டுக்கு ஷூ டிசைன் அனுப்பியாகணும். செலக்ட் ஆனா சென்னையில வேலை. இந்த கம்ப்யூட்டர் என்னடான்னா, பாதியிலேயே நின்னு போகுது" என்றார் தானியேல், கடை முழுக்கக் கேட்கும்படி.

என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டே இஷ்தியாக் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார்.

உள்ளே இருந்தது பெரிய பவர் சப்ளை. கார்டுக்கான வயர்கூட கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருந்தது. எத்தனை வாட்ஸ் என்பது பளிச்சென்று தெரிந்தது. அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த கம்ப்யூட்டரை வாங்கியபோது, பின்னால் கார்டு போட உதவும் என்று இதைத் தேடி எடுத்ததே ஷர்மிளாதான்.

இவளிடம் போய் எப்படிச் சொல்வது?

தானியேல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பவர் பத்தாதும்மா" என்றார் இஷ்தியாக், அவள் முகத்தைப் பார்க்காமல். "கார்டு போட்டா லோடு தாங்காம சிஸ்டம் ஆஃப் ஆயிடும். போர்டும் போயிடலாம்."

ஷர்மிளா குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

சண்டைக்கு வரப்போகிறாள் என்று இஷ்தியாக் காத்திருந்தார்.

"ஆமா அங்கிள். பத்தாதுதான்" என்றாள்.

"பவர் சப்ளையை மாத்தினா?" என்றார் தானியேல் அவசரமாக.

"கார்டு நீளம் ஜாஸ்தி. பெட்டிக்குள்ள அடங்காது" என்றார் இஷ்தியாக் எரிச்சலோடு.

"பாத்தியாம்மா? அப்பா மாட்டேன்னா சொன்னேன்? சேரலையே!"

"பரவால்லப்பா. வேற டெஸ்ட் வரும்."

தானியேல் வண்டியைத் திருப்பி நிறுத்த வெளியே போனார். இஷ்தியாக்கால் அதற்குமேல் முடியவில்லை.

"அம்மாடி, நான் சொன்னது அத்தனையும் பொய். உன் பவர் சப்ளை தாராளமா தாங்கும். பெட்டியிலயும் எடம் இருக்கு. உங்கப்பாதான் மதியம் வந்து அப்படிச் சொல்லச் சொன்னாரு. பெத்த பொண்ணையே ஏமாத்துற மனுஷனை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"தெரியும் அங்கிள்."

"தெரியுமா? தெரிஞ்சுமா ஆமான்னு சொன்ன? உன் வேலையே போகுதேம்மா!"

ஷர்மிளா வாசலைப் பார்த்தாள். தானியேல் வண்டியின் பின்சீட்டைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்து அட்டை முன்னும் பின்னும் ஆடியது.

"டெய்லி டிபன் கட்டிட்டு, கம்பெனிக்குன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புறாரு அங்கிள். அவர் சட்டையை நான்தான் துவைக்கிறேன்."

அவள் குரல் இறங்கியது.

"கொஞ்ச நாளா அதுல தோல் வாசனையே வர்றதில்ல."