ஆட்டுத்தோல் ஆணை

இடுப்பு வார்களையும் வேகவைத்துத் தின்று தீர்த்த பிறகு, பேராற்றில் மிதந்த படகில் சமையல்காரன் பெராஸா, தளபதியின் பெட்டியையே பார்த்தான். "பிரபு, அதுவும் ஆட்டுத்தோல்தானே?"

உள்ளே, ஆட்டுத்தோலில் எழுதிய ஸ்பெயின் அரசரின் ஆணை. இன்னும் கண்டுபிடிக்காத இந்த நாட்டுக்கெல்லாம் தளபதிதான் ஆளுநராம். ஆளில்லாத கரையிலும் இறங்கி, எழுத்தரை முழுசாக வாசிக்கச் சொல்வார். கொசுக்கள் கேட்டுக்கொள்ளும்.

"அரசரையே தின்பாயா, நாயே?"

"கையெழுத்தை விட்டுவிடுகிறேன், பிரபு."

பானை கொதிக்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த தளபதி, பிறகு முதல் ஆளாகக் கிண்ணத்தை நீட்டினார்.

மறுநாள் ஆற்று வளைவு தாண்டியதும் ஓர் ஊர். சோளம் வேகும் வாசனை. கரையில் வில்லோடு நூறு பேர்.

"நான் யாரென்று வாசி!" என்றார் தளபதி.

எழுத்தர் கையில் அரசரின் கையெழுத்துள்ள துண்டு மட்டும் இருந்தது. "ஆளுநர் என்கிற வரியை நீங்கள்தான் சாப்பிட்டீர்கள், பிரபு."