நடுக்கிளை வணிக வளாகம்

ஆலமரத்துக் காகங்களின் மாமன்றம் கூடியது. நடுக்கிளையில் பெரிய வணிக வளாகம் கட்ட, கொக்குகளுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துச் சுள்ளி கடன் வாங்குவது என்று தீர்மானம் வந்தது.

"கடனை யாருங்க அடைக்கிறது?" என்று கேட்டது எதிர்க்கட்சிக் காகம்.

"நம்ம பிள்ளைங்கதான்" என்றது மேயர் காகம்.

"அதுங்க இன்னும் முட்டைக்குள்ள இருக்குதுங்களே. ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

மேயர் பக்கத்துக் கூட்டுக்குப் பறந்துபோய் முட்டைகளைப் பார்த்து, "ஆட்சேபனை இருந்தால் சொல்லலாம்" என்றது. முட்டைகள் பேசவில்லை.

"தீர்மானம் ஆல் பாஸ்."

அந்த நேரம் பார்த்து ஒரு முட்டை உள்ளிருந்து டொக் டொக்கென்று தட்டியது. எதிர்க்கட்சிக் காகம் மேயரைப் பார்த்தது.

"குறிப்புல ஏத்திக்குங்க. மேசையைத் தட்டி வரவேற்கிறாங்க" என்றது மேயர்.