அருவி பார்க்க ஒரு மரவீடு

வாரக் கடைசியில் அருவியைப் பார்த்தபடி சும்மா கிடக்க, காட்டுக்குள் ஒரு மரவீடு கட்ட ஆசைப்பட்டது கரடி. மரங்கொத்தி பிளான் போட்டுக் கொடுத்தது: ஒரே அறை, அருவிப் பக்கம் சுவர் முழுக்க ஜன்னல்.

வாஸ்து பார்க்க வந்த பல்லி பிளான் மேலேயே ஊர்ந்து பார்த்தது. "தென்மேற்குல ஜன்னலா? ஆகவே ஆகாதுங்க. அடைச்சிடுங்க."

"அருவி அங்கதானே இருக்கு?" என்றது மரங்கொத்தி.

"அருவியை அங்க யாரு வைக்கச் சொன்னது?"

கரடிக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும், நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? அடைக்கச் சொல்லிவிட்டது.

இப்போது சனிக்கிழமைதோறும் வந்து அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறது. சுவரில் பெரிதாக ஓர் அருவிப் படம் மாட்டியிருக்கிறது. வெளியே அருவிச் சத்தம் இடைஞ்சலாக இருந்தால், எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வருகிறது.