கையசைக்கும் மூவருக்குப் பின்னால்

"இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க சார். அந்தக் குழாய் மட்டும் தெரியட்டும்."

"இதுக்கு மேல போனா கட்டம் கட்டமாத்தான் தெரியும்மா. சரி, உங்க திருப்திக்கு."

விண்வெளிப் பயணப் படக் காப்பகத்தின் பொறுப்பாளர் மவுஸை உருட்டினார். அலுவலகத்தில் அவருக்கு 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். ஒரு படம் கையில் கிடைத்தால் மூலை முடுக்கு விடாமல் துழாவினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பட்டப்பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

திரையில் மூன்று விண்வெளி வீரர்கள் ராக்கெட்டில் ஏறும் முன் கையசைத்துக்கொண்டு நின்றார்கள். உலகமே பார்த்த படம். யார் வேண்டுமானாலும் காப்பகத்தின் இணையதளத்திலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், பள்ளிப் பாடப்புத்தகம், காலண்டர், தண்ணீர் பாட்டில் என்று அது ஏறாத இடமில்லை. கையசைத்த சற்று நேரத்துக்கெல்லாம் ராக்கெட் நடுவானில் வெடித்து மூன்று பேரும் இறந்துபோனார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அந்த முகங்களைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஓடிய எரிபொருள் குழாயைத்தான் பார்த்தாள். அதைக் கண்காணிப்பதுதான் அவளுடைய அப்பாவின் வேலையாக இருந்தது.

"அப்பா என்னதான் பாத்ததாச் சொல்றாரு?"

"இவங்க கையசைக்கிறப்போ, இதோ இந்த மூட்டுல பனி படிஞ்சிருந்துச்சாம் சார். உள்ள ஓடுற எரிபொருள் அவ்வளவு குளிர்ச்சி. கசிஞ்சா அந்த இடத்துல உடனே பனி பிடிச்சுக்குமாம். பதறிப்போய் மேலதிகாரிக்குப் போன் பண்ணியிருக்காரு. 'உன் வேலையைப் பாருய்யா'ன்னு வெச்சிட்டாராம்."

"அந்த மேலதிகாரி என்ன சொல்றாரு?"

"அப்படி ஒரு போனே வரலைன்னு சாதிக்கிறாரு."

விபத்துக்குக் காரணம் தெரியாமலேயே பல வருடங்கள் ஓடிவிட்டன. போன வருடம்தான் ஒரு விசாரணைக் குழு விஷயத்தை மறுபடி கையில் எடுத்தது. கசிவு அந்த மூட்டில்தான் என்று கண்டுபிடித்தது. பிறகு காப்பகத்தின் படங்களைப் பார்த்தது. குழாய் பளிச்சென்று இருந்தது. அப்புறமென்ன? கசிவு பிற்பாடு வந்திருக்கிறது, அதைக் கோட்டை விட்டுவிட்டு, முன்பே எச்சரித்ததாகக் கதை கட்டுகிறார் என்று மூன்று உயிர்களின் பழியையும் அப்பாவின் தலையில் கட்டிவிட்டது. அன்றைக்குப் படுத்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர் கையை விரிச்சிட்டாரு சார்" என்றாள். "அப்பா வேற எதுவும் கேக்கல. 'ஊரு என்ன வேணா சொல்லட்டும், நீ நம்புறியாம்மா?' இது ஒண்ணுதான் கேக்குறாரு. நம்புறேன்னு வாய் சொல்லுது. என் முகத்தைப் பாத்தா அவருக்குத் தெரிஞ்சிடுதே! அதான் ஒரு தடவை பெரிய திரையில நேர்லயே பாத்துடலாம்னு வந்தேன்."

பூதக்கண்ணாடிக்கு மனசு இளகிவிட்டது. அதே நேரத்தில் எடுத்த மற்ற மூன்று படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். நான்கிலும் அதே குழாய், அதே மூட்டு. ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

"பழைய பிலிமைப் பாக்க முடியுமா சார்?"

"அதெல்லாம் ஈரத்துல பூசணம் பிடிச்சுப் போச்சும்மா. கம்ப்யூட்டர்ல ஏத்தின கையோட அழிச்சாச்சு. இனி இந்தப் படங்கதான் சாட்சி. படம் எதுக்கும்மா பொய் சொல்லப்போகுது?"

இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்த ஏதோ ஒன்று அவளுக்குள்ளே விட்டுப்போனது. அப்பாவின் மேல் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தை நினைத்து அழுகையும் வந்தது.

கைப்பேசி ஒலித்தது. அம்மா.

"என்னடி, பாத்தியா? இருந்துச்சா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"எத்தனை தடவைம்மா பாக்கறது? அங்க ஒண்ணுமே இல்ல. அப்பா பொய்தான் சொல்லியிருக்காரு. நம்மளையும் சேத்து ஏமாத்தியிருக்காரு."

மறுமுனையில் அம்மாவின் குரல் நடுங்கியது.

"பாவி மகளே, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்டி. அப்பா கேட்டுக்கிட்டு இருக்காரு."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் அவருடைய குரல்.

"விடு கண்ணு. நான்தான் தப்பாப் பாத்திருப்பேன்."

அம்மா வாய்விட்டு அழும் சத்தத்தோடு இணைப்பு அறுந்தது. அவள் திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

பூதக்கண்ணாடி ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். பெற்ற மகளே கைவிட்ட மனிதரைப் பற்றி அயலான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

"நேத்து எடுத்த மாதிரி எவ்வளவு தெளிவா இருக்கு சார்" என்றாள் அவள், திரையை வெறித்தபடி. "கொஞ்சம் மங்கலா இருந்திருந்தாக்கூட, சந்தேகத்தோட பலனை அவருக்குக் குடுத்திருப்பேன்."

பேச்சை மாற்ற ஒரு வழி கிடைத்ததே என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இந்தப் படங்க இங்க வந்தப்போ நீங்க பாத்திருக்கணும்மா! பிலிம் முழுக்க வெள்ளை வெள்ளையாத் தூசி. பொதுஜனம் பாக்குற படம் அப்படி இருக்கலாமா? கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் ஒவ்வொண்ணா நானே உக்காந்து அழிச்சேன். ஒண்ணுதான் என்னைப் படுத்தி எடுத்துடுச்சு. நாலு பேரு நாலு பக்கம் நின்னு எடுத்த படம், நாலுலயும் இந்த மூட்டு மேலயே வெள்ளையா ஒரு தூசி. விடுவேனா? தடயமே இல்லாம..."

பூதக்கண்ணாடியின் நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.