நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"ஏதாவது சொல்லேன்டி," என்றாள் லைஸ்ரி.

ரோங்ஜாலி தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் மடியில் லைஸ்ரி எழுதிய நாவல் கிடந்தது. குவாஹாட்டியில் பரிசு வாங்கிய நாவல். எழுதியவளே அபிப்பிராயம் கேட்க வந்து, முற்றத்து முக்காலியில் ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருந்தாள்.

ஆய் நதிக்கரையில் ஒரே ஊரில் பிறந்தவர்கள். பத்து வயதுவரை ஒருத்தியை விட்டு ஒருத்தி சோறு தின்றதில்லை.

நாவலில் அந்த ஊர் அப்படியே இருந்தது. பாக்குத்தோப்பு, பட்டுப்புழு வறுக்கிற வாசனை, ஆறு கொண்டுபோன ஒற்றைச் செருப்பு. முதல் ஐம்பது பக்கங்களை ரோங்ஜாலி சிரித்துக்கொண்டேதான் படித்தாள்.

பிறகு கதைக்குள் ரோங்ஜாலியின் அம்மா வந்தாள்.

நாவலில் அம்மா சூனியக்காரி. மழையைக் கூப்பிடுகிறாள். செத்த வாத்தை எழுப்பி நடக்கவிடுகிறாள். ஊரே கம்பும் கத்தியுமாக வரும்போது வெள்ளைக் கொக்காகி ஆற்றைத் தாண்டிப் பறந்துவிடுகிறாள். அந்த இடத்தில் படித்தவர்களெல்லாம் அழுகிறார்களாம்.

ரோங்ஜாலியும் அழுதாள். அது வேறு அழுகை.

அம்மா பறக்கவில்லை. ஆற்றங்கரை வரைகூட ஓடவில்லை.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நாலு பச்சிலை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் காய்ச்சலுக்குச் சாறு பிழிந்து கொடுத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது.

"எங்கம்மாவ சூனியக்காரின்னு ஊர் சொல்லிச்சு. நீயும் அதையேதான் சொல்லியிருக்க. என்ன, நீ கொஞ்சம் அழகா சொல்லிட்ட."

லைஸ்ரியின் முகம் சுண்டிப்போயிற்று.

"அத்தைய இன்னொரு தடவ சாகவிட எனக்கு மனசு வரலடி. அடுத்த பதிப்புல மாத்திடறேன். எதையெல்லாம் எடுக்கணும், சொல்லு."

"மழைய எடுத்துடு. வாத்த எடுத்துடு. கொக்கையும்." ரோங்ஜாலி புத்தகத்தின் மேல் கையை வைத்தாள். "நூத்திப் பன்னண்டாம் பக்கத்த மட்டும் தொட்டுடாத."

லைஸ்ரி புத்தகத்துக்குக் கை நீட்டவில்லை. அதில் என்ன இருக்கிறதென்று எழுதியவளுக்குத் தெரியாதா.

ரோங்ஜாலிதான் மடியிலிருந்து எடுத்தாள். இத்தனை நாளில் புத்தகம் அந்த இடத்தில் தானாகவே விரியப் பழகியிருந்தது.

நடுப்பகல். பலாமரத்தடியில் ஊர் கூடியிருக்கிறது. பெரியவர் ஒருவர் சிறுமியை முன்னால் இழுத்து நிறுத்தி, உன் அம்மா சூனியக்காரியா என்று கேட்கிறார். கதையில் அம்மா சூனியக்காரிதான். வாத்து எழுந்து நடந்ததை அந்தச் சிறுமி கண்ணால் பார்த்தவள். ஆனாலும் இல்லை என்கிறாள். அடிக்கக் கை ஓங்குகிறார்கள். அப்போதும் இல்லை என்கிறாள்.

ரோங்ஜாலி அந்த வரியை விரலால் தடவினாள். லைஸ்ரி தலை நிமிரவேயில்லை.

அன்றும் நடுப்பகல்தான். அதே பலாமரம், அதே கேள்வி. ரோங்ஜாலியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் லைஸ்ரி.

யாரும் கை ஓங்கவில்லை. ஒரே ஒரு முறைதான் கேட்டார்கள்.

ரோங்ஜாலி ஆமாம் என்றாள்.