நடு ஆற்றில் ஒரு கூட்டம்

மறுகரையில் தங்கைக்குப் பேறுகாலம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அணிலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆற்றைக் கடத்திவிடக் கரைக்கொரு ஆமை உண்டு. ஒன்றையொன்று முந்திக்கொண்டு கூலியைக் குறைத்துவந்த அந்த இரண்டும் இப்போது கூடிப் பேசி, நடைக்கு ஒரு மூட்டை வேர்க்கடலை என்று ஒரே வாயாகச் சொல்லின. அத்தனை கடலையை அணில் கண்ணால்கூடக் கண்டதில்லை.

இக்கரை நாட்டாமையான கீரியிடம் போய் முறையிட்டது.

“அநியாயம்தான் தாயி. ஆனா இன்னொரு ஆமை அக்கரை நாட்டாமை முள்ளம்பன்றியோட அதிகாரத்துல இருக்கு. நாங்க கலந்து பேசணும்.”

ஒருவர் கரையில் மற்றவர் கால்வைப்பது கௌரவக் குறைச்சல். அதனால் இருவரும் ஆளுக்கொரு ஆமைமேல் ஏறி நடு ஆற்றில் சந்தித்தார்கள். பேச்சு வாரக்கணக்கில் நீண்டது. கீழே ஆமைகளும் எல்லாவற்றுக்கும் தலையாட்டின.

கீரி மலர்ந்த முகத்தோடு திரும்பியது. “முழு ஒத்துழைப்புன்னு முடிவாயிருச்சு. இனி மாசாமாசம் கூடுவோம்.”

“ஆமைக் கூலி?”

“ஏத்திட்டானுங்க. ஆனா எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கூலிதான் கேட்டானுங்க தாயி, பாரபட்சமே இல்ல.”

அணில் கரையோரம் போய் நின்றது. எதிர்க்கரையில் தங்கையின் குட்டிகள் தாமாகவே மரமேறிக்கொண்டிருந்தன. அணில் வாலைத் தூக்கி ஆட்டியது. பெரியம்மாவை அறியாத குட்டிகள் மிரண்டு இலைகளுக்குள் ஒளிந்துகொண்டன.